முறையீடு

பல்கலைக்கழக மாணவர் விதிகளில் குறை, புகார், முறையீடு ஆகிய மூன்றும் ஒன்றுபோலப் புழங்குகின்றன. புகார், இந்துஸ்தானியிலிருந்து வந்தது. கூவி அழைத்தல் அதன் மூலப்பொருள். (காவிரிப்பூம்பட்டினத்தின் பெயரான புகார் வேறு.) குறை என்பது இல்லாமை, குறைபாடு; மனத்தாங்கலுக்கும் அதுவே பெயராயிற்று. முறையோ திருக்குறளில் அரசன் வழங்கும் நீதி. ஒழுங்கு, உறவு, தடவை என்றும் அச்சொல் விரிந்தது. அந்த நீதியைக் கேட்டு நிற்பதே முறையிடுதல். ஆகவே இதில் உரிமையின் குரல் ஒலிக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைப்படி, குறைதீர்ப்புக் குழுவின் முடிவில் மனநிறைவடையாத மாணவர் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பெர்சனை அணுகலாம். சுவீடிஷ் வழிவந்த அந்தச் சொல்லுக்குக் ‘குறைதீர்ப்பாளர்’ போதும். மாணவர் அவரிடம் தரும் மனுவுக்கு ‘முறையீடு’ என்பதே பொருத்தமான பெயர்.