பழைய இரும்பாய்ப் போன வாள்கள்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதங்கள் என்று ஒரு தொகுதி இருக்கிறது. யாளி முகம் வைத்த வாட்பிடிகள், கைமுட்டியை மறைக்கும் தகடு வைத்த கட்டாரிகள், பூவேலை நிறைந்த அங்குசங்கள். வடசென்னை வியாசர்பாடியில் பஸ் ஏறினால் வெகுநேரம் பிடிக்காமல் போய்ப் பார்த்துவிடலாம். பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத செய்தி, இவை ஒரு மிகப் பெரிய ஆயுதசாலையின் மிச்சம் என்பது. மற்றவை 1860களில் உடைக்கப்பட்டு எடைக்கு எடை பழைய இரும்பாக விற்கப்பட்டன. இந்த அழிவுக்கு வெள்ளைக்காரர் போட்ட ஆணைதான் காரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது, அதில் உண்மையும் உண்டு. ஆனால் அது பாதி உண்மை என்பதே என் வாதம். ஒரு வாளை எடுத்துப் பார்த்து, இது எந்தப் பட்டறை, எந்தக் காலம், எந்தக் கை என்று சொல்லவும் எழுதிவைக்கவும் இங்கே ஆள் இருந்திருந்தால், அந்த ஆணையின் முன்னே ஒரு தடையாவது நின்றிருக்கும். ஜப்பானியர் தங்கள் பழைய வாள்களைக் காத்த கதையை அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பினி அரசு அந்த அரசையே இல்லாமலாக்கி அரண்மனைச் சொத்துகளையும் கைப்பற்றியது. அரசரின் விதவை காமாட்சி பாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1859இல் அவருக்கு எதிராக முடிந்தது. இடையில் 1857 கிளர்ச்சி நடந்துவிட்டது. அதற்குப்பின் குடிமக்கள் கையில் ஆயுதம் என்றாலே அரசுக்கு அச்சம். 1878இல் ஆயுதச் சட்டமே வந்தது. அப்படிப்பட்ட காலத்தில், நாயக்கர் காலம் தொட்டுச் சேர்ந்திருந்த ஆயுதக் குவியல் அதிகாரிகளின் கண்ணுக்கு ஆபத்தாகவும் இடத்தை அடைக்கும் சுமையாகவும் தெரிந்தது. சிறந்தவை என்று பட்ட சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்டு மற்றதை உடைத்தார்கள். சென்னை சிவில் பணியில் இருந்த எம். ஜே. வால்ஹவுஸ் 1878இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் தஞ்சை ஆயுதசாலை பற்றிக் கட்டுரை எழுதியதால்தான் அந்தக் குவியலைப் பற்றி நமக்கு ஓரளவாவது தெரிகிறது. அவர் எழுதியபோது வாள்கள் போய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன.

உடைபட்டவை வெறும் படைக்கருவிகள் என்றால் இத்தனை வருத்தம் வேண்டியதில்லை. எஞ்சியவற்றைக் கூர்ந்து பார்த்தால் அவற்றின் பெருமை பிடியில் இருப்பது தெரியும். தென்னிந்தியக் கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்த வாளின் துண்டு. துறைமுகங்கள் வழியே வந்த அந்த அலகை இங்குள்ள கொல்லர் வாங்கி, தம் கையால் செய்த பிடியில் ரிவெட் அடித்துப் பொருத்தினார். பிடியோ முழுக்க இந்த மண்ணின் வேலை. இரும்பை உளியால் செதுக்கி, துளையிட்டு, அரத்தால் ராவி, கோயில் தூணில் நாம் பார்க்கும் அதே யாளியையும் கொடியையும் கிளியையும் ஒரு சாண் அளவுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். கல்லில் செதுக்குவதை விட இரும்பில் செதுக்குவது கடினம் என்பது பட்டறையில் அரம் பிடித்த எவருக்கும் சொல்லாமலே தெரியும். விஜயநகர, நாயக்கர் காலத்துச் சிற்பக்கலை உலோகத்தில் தொடர்ந்ததற்கு இவை சாட்சி. ராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த ஆயுதங்களைச் சடங்கோடும் கோயில் கலையோடும் சேர்த்துப் படித்துக் காட்டியது. ஆனால் ஒன்றை எந்த ஆய்வாலும் மீட்க முடியவில்லை. இவற்றைச் செய்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே வாள் செய்தவர் பிடிக்குள் மறையும் அலகின் அடிப்பகுதியில் தம் பெயரைப் பொறித்தார். பல சமயம் ஊரையும் ஆண்டையும் சேர்த்தே பொறித்தார். அந்தப் பகுதியில் படியும் துருவை யாரும் தேய்த்து எடுப்பதில்லை, ஏனென்றால் துருவின் நிறமே வாளின் வயதுக்குச் சான்று. ஹோனாமி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாள்களைத் தீட்டுவதையும் மதிப்பிட்டுச் சான்று எழுதுவதையுமே தொழிலாகக் கொண்டது. 18ஆம் நூற்றாண்டில் ஆட்சி செய்த ஷோகன் யோஷிமுனே காலத்தில் நாட்டின் புகழ்பெற்ற வாள்களுக்கு அந்தக் குடும்பம் ஒரு பட்டியலே தொகுத்தது. வாளின் அணிகளுக்கும் இதே மரியாதை உண்டு. கைக்காப்பு வட்டமான ட்சுபா, பிடியில் பதிக்கும் சிறு உருவங்கள், பிடியின் இரு முனைகளிலும் வரும் பூண்கள் ஆகியவற்றைச் செய்வதற்கென்றே தனிக் கலைஞர் மரபுகள் இருந்தன. கோட்டோ குடும்பம் 15ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை அந்த வேலையைச் செய்தது. அந்த அணிகளை வாளிலிருந்து பிரித்துத் தனியாகச் சேர்ப்பவர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள்.

ஜப்பான் அடிமைப்படவில்லை, நாம் அடிமைப்பட்டோம், இரண்டையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஜப்பானிய வாளுக்கும் இரண்டு முறை கழுத்தில் கத்தி விழுந்தது. 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணிவதைத் தடைசெய்தது. வாளையும் அணிகளையும் செய்து பிழைத்தவர்கள் தவித்துப்போனார்கள்; காணோ நட்சுவோ போன்ற பெரிய கலைஞர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நாணய வடிவமைப்புக்குப் போயிருந்தார். 1945இல் தோற்ற ஜப்பானை அமெரிக்கப் படை ஆண்டபோது எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கச் சொன்னது. ஏராளமான வாள்கள் உருக்கப்பட்டன, கடலில் கொட்டப்பட்டன, சிப்பாய்களின் பெட்டிகளில் அமெரிக்கா போயின. தஞ்சாவூரில் நடந்ததற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வேறுபாடு அதன்பின் நிகழ்ந்தது. ஹொன்மா ஜூன்ஜி போன்ற அறிஞர்கள் அதிகாரிகளிடம் போய், எது கலைப்பொருள், எது வெறும் படைக்கருவி என்று பிரித்துக் காட்ட முடியும் என்று வாதாடினார்கள். நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மதிப்பீட்டு அறிவு கையில் இருந்ததால் அந்த வாதத்துக்குப் பலம் இருந்தது. கலைமதிப்புள்ளவற்றுக்கு விலக்கு கிடைத்தது. 1948இல் வாள் கலையைக் காக்க ஒரு சங்கம் எழுந்தது. பழைய முறையில் உருக்கு எடுக்கும் தத்தாரா உலையை 1977இல் அது ஷிமானேயில் மீண்டும் மூட்டியது. அந்நிய ஆட்சி இருந்தும் வாள் பிழைத்தது.

இன்னும் நெருக்கமான சான்று தஞ்சை அரண்மனைக்குள்ளேயே இருக்கிறது. அதே அரண்மனையில் சரஸ்வதி மகால் நூலகமும் இருந்தது. அரசும் அதே, கைப்பற்றியவரும் அதே. ஆனால் ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் எடைக்குப் போகவில்லை. அவற்றின் மதிப்பை அறிந்த பண்டிதர்கள் ஊரில் இருந்தார்கள், ஆங்கிலேய அதிகாரி ஏ. சி. பர்னல் அவற்றுள் சமஸ்கிருதப் பிரதிகளுக்கு வகைப்படுத்திய அட்டவணை தயாரித்து 1880 வாக்கில் வெளியிட்டார். 1918இல் அது பொது நூலகமானது. சுவடியைப் படிக்க ஆள் இருந்தது, வாளைப் படிக்க ஆள் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருந்த இரண்டு செல்வங்களின் கதி இப்படிப் பிரிந்ததற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான்.

நாம்தான் ஆயுதத்தையே வணங்குபவர்களாயிற்றே என்று ஒருவர் மறுக்கலாம். ஆயுத பூஜையன்று வியாசர்பாடி, பெரம்பூர் பட்டறைகளில் லேத்துக்கும் சுத்தியலுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுவதில் இருக்கும் மரியாதை உண்மையானது. ஆனால் அது உழைக்கும் கருவிக்குச் செய்யும் மரியாதை. உழைத்து ஓய்ந்த கருவி காயலான் கடைக்குப் போவதை அது தடுப்பதில்லை. வணக்கம் எல்லாக் கருவிகளுக்கும் பொது. பாதுகாப்புக்கோ இந்த ஒன்று, அந்த ஒன்று என்று பிரித்தறியும் கண் வேண்டும்.

சேகரிப்பது என்பதே கொள்ளைக்கு இட்ட நாகரிகப் பெயர் என்பது அடுத்த மறுப்பு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூரைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் கட்டாரிகள் இருக்கின்றன. அவற்றுள் சில, ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்க உலோகவியல் வல்லுநர் 1935இல் எழுதிவைத்துவிட்டுப் போன தொகுப்பிலிருந்து வந்தவை. அவர் ஜப்பானிய வாள்களையும் அணிகளையும் சேர்த்தவர். பல நாட்டு ஆயுதங்களுக்கு அகராதி எழுதியவர். இங்கே விற்கும் நிலைக்கு நம்மைத் தள்ளிய ஆட்சி இல்லாதிருந்தால் இவை கடல் தாண்டியிருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் உலையில் போனதை எந்தச் சட்டத்தாலும் திரும்பக் கேட்க முடியாது. கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைப் பார்த்து ஆராயவாவது முடியும். இனிப் போகாமல் தடுக்க 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அது இடம் தருவதில்லை. இருப்பதை அறிந்து எழுதிவைப்பது நம் வேலை, அதைச் சட்டம் செய்துதராது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அரசர்களின் வாளை உழைக்கும் மக்கள் ஏன் கொண்டாட வேண்டும்? அதுவும், கத்தி என்றாலே சினிமா நம் தெருக்களைக் காட்டிவிடும் வடசென்னையில்? வாளைப் பிடித்தவனைக் கொண்டாட நானும் சொல்லவில்லை. வாளைச் செய்தவரைத் தேடச் சொல்கிறேன். தஞ்சை அரசர் இறந்த மறு ஆண்டு, 1856இல், ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. பெரம்பூரில் ரயில்வே பட்டறை எழுந்தது. ஒரு பக்கம் பழைய இரும்புக்கலை உடைபட, இன்னொரு பக்கம் புதிய இரும்புத் தொழில் வடசென்னையில் வேரூன்றியது. இரண்டும் ஒரே தலைமுறையில் நடந்தவை. இன்று இங்கே லேத்திலும் உலையிலும் நிற்பவர்கள் அந்தப் பிடிகளில் அரம் போன தடத்தையும் உளி நின்ற இடத்தையும் எந்தக் கலை விமர்சகரை விடவும் நன்றாகப் படிப்பார்கள்.

ஆகவே எழும்பூர் ஆயுதங்களுக்கு வேண்டியது இன்னொரு தூசு துடைப்பு அல்ல. ஒவ்வொரு துண்டின் எடை, அளவு, ரிவெட் விதம், அலகின் பிறப்பிடம், செய்நேர்த்தி ஆகியவற்றைச் சொல்லும் முழுப் பட்டியல் தமிழில் வேண்டும். அதைத் தயாரிக்கும் மேசையில் வரலாற்றறிஞரோடு இரும்புத் தொழிலாளரும் உட்கார வேண்டும். பெயர் பொறிக்காமல் போனவர்களின் பெயரை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரே கை செய்த இரண்டு பிடிகளை அடையாளம் கண்டு பக்கத்தில் வைக்க முடியும். ஜப்பானிய மதிப்பீட்டாளர்களும் கையெழுத்தில்லாத வாள்களை அப்படி ஒப்பிட்டுத்தான் இனம் கண்டார்கள். நாம் நூற்றறுபது ஆண்டு தாமதமாகத் தொடங்குகிறோம், அவ்வளவுதான்.