டர்போ காருக்கு எந்த பிளக்? ஒரு சூட்டின் வரலாறு

ஸ்பார்க் பிளக் சில நூறு ரூபாய் சமாச்சாரம். ஆனால் டர்போ பெட்ரோல் காரில் தவறான பிளக்கைப் போட்டு பிஸ்டன் ஓட்டையானால் செலவு லட்சத்தைத் தொடலாம். விரல் நீளம் கூட இல்லாத ஒரு பொருளுக்கு இவ்வளவு பொறுப்பு எப்படி வந்தது? அதற்குப் பின்னால் நூற்றைம்பது வருடத்துக்கு மேலான கதை இருக்கிறது.

1860-ல் எத்தியன் லெனுவார் தன் கேஸ் எஞ்சினில் மின்பொறியால் தீ மூட்டினார். ஆனால் பிளக் சந்தைக்கு வரும் சரக்கானது 1902-ல்தான். அந்த வருடம் ராபர்ட் போஷ் கம்பெனியில் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கினார். அதன் பிறகு கார்களின் வேகம் கூடியது. வேகத்தோடு சூடும் கூடியது. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

பிளக்கின் முனை சுமார் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால்தான் அதில் படியும் கரி தானாக எரிந்து போகும். சுமார் 850 டிகிரியைத் தாண்டினால் முனை கங்கு போல் கனன்று, பொறி வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே முனையை வைத்திருப்பதுதான் பிளக் தேர்வு என்ற வேலையே.

இதைச் சாதிப்பது உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு. மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும். அது 'ஹாட் பிளக்'. குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குப் போய்விடும்; அது 'கோல்ட் பிளக்'. பொறியின் சூட்டுக்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை. இதில் பலரும் குழம்பிப் போகிறார்கள்.

பந்தயக்காரர்கள் இந்தப் பாடத்தை முதலில் படித்தார்கள். கெனெல்ம் லீ கின்னஸ் என்ற பிரிட்டிஷ் ஓட்டுநர், கடையில் கிடைத்த பிளக்குகள் பந்தயச் சூட்டைத் தாங்காததால் மைக்கா வைத்துத் தானே பிளக் செய்தார். கே.எல்.ஜி. என்ற பிராண்ட் அப்படிப் பிறந்ததுதான். 1922-ல் ப்ரூக்லண்ட்ஸில் நில வேக சாதனை படைத்தவரும் அவரே.

இன்னொரு பக்கம் டர்போவின் கதை. புகையோடு வீணாகும் சக்தியைக் கொண்டு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் யோசனைக்கு, 1905-ல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஷி காப்புரிமை பெற்றார். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ், விமான எஞ்சின் ஒன்றை டர்போவோடு 14,000 அடி உயர பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டினார். காருக்கு டர்போ வந்தது 1962-ல், ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் ஆகியவற்றில். 1977-ல் ரெனோ அதை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டு வந்தது. எஞ்சின் அடிக்கடி புகைந்து நின்றதால் அந்தக் காருக்கு 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கிண்டல் பெயர். இரண்டே வருடத்தில், 1979-ல், அதே ரெனோ பிரெஞ்ச் கிராண்ட் பிரியில் ஜெயித்தது!

டர்போ பிளக்கைச் சோதிப்பது இரண்டு விதமாக. ஒன்று, அதிகக் காற்று, அதிக பெட்ரோல், அதனால் அதிகச் சூடு. இரண்டாவது, அழுத்தம். காற்று நெருக்கமானால் அதைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்ட் தேவை. 1889-லேயே ஜெர்மானிய விஞ்ஞானி பாஷன் அழுத்தத்துக்கும் வோல்ட்டுக்கும் உள்ள இந்த உறவை அளந்து சொல்லிவிட்டார். அதனால்தான் பல டர்போ எஞ்சின்களுக்குக் கோல்டான பிளக்கும், குறைந்த 'கேப்'பும்.

சரி, நம்ம ஊருக்கு இது எப்போது வந்தது? பல்லடத்தில் டர்போ புதிதல்ல. கறிக்கோழி ஏற்றும் வண்டியிலும், நூல் லோடு லாரியிலும், திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் டர்போவின் விசில் சத்தம் கேட்டுப் பழகியதுதான். ஆனால் அவை எல்லாமே டீசல். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது! பெட்ரோல் பக்கம் வந்தால், செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் பெயர் தந்த கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி கார்களில் இருந்தது டர்போ இல்லாத மாருதி 800 எஞ்சின். ஆக, டர்போ தெரிந்தவருக்கு பிளக் தேவைப்படவில்லை; பிளக் தெரிந்தவருக்கு டர்போ பழக்கமில்லை.

2013-ல் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2014-ல் டாடா ஜெஸ்ட், 2017-ல் டாடா நெக்ஸான் என்று டர்போ பெட்ரோல் கார்கள் வரிசையாக வந்தபோது இரண்டு அறிவும் ஒரே பானெட்டுக்குள் சந்திக்க வேண்டி வந்தது. டர்போ எஞ்சின் கொண்ட ஃபார்முலா 4 கார்கள் இப்போது செட்டிபாளையம் டிராக்கிலும் ஓடியிருக்கின்றன.

பழைய அனுபவம் காலை வாரும் இடம் இன்னொன்றும் உண்டு: எண். மைக்கோ பிளக்கில் 175, 225 என்று இருந்த காலத்தில் எண் கூடினால் பிளக் கோல்ட். பிறகு வந்த போஷ் எண்முறையில் எண் கூடினால் ஹாட். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் கூடினால் கோல்ட். பிராண்ட் மாற்றும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நேர் எதிரான பிளக் கைக்கு வந்துவிடும்.

"டர்போதானே, இருப்பதிலேயே கோல்டான பிளக்கைப் போடு" என்பதும் தவறு. பல்லடம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் ஊர்ந்து, கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரில் அந்த பிளக் சூடாகவே ஆகாது. கரி பிடித்து மிஸ்ஸிங் வரும். மேனுவலில் போட்டிருக்கும் எண், கம்பெனி இந்த இரண்டு ஓட்டத்தையும் கணக்குப் போட்டுச் சொன்னது. ரீமேப் செய்து பூஸ்ட் ஏற்றியவர்களுக்கு மட்டுமே ஒரு படி கோல்ட், கொஞ்சம் குறைந்த கேப் என்ற பேச்சு பொருந்தும். இரிடியம் பிளக் என்றால் அதன் ஊசி முனையில் கேப் பார்க்கிற கம்பியை விட்டு நெம்பக் கூடாது. முனை உடைந்து போகும்.

விலை அதிகமான பிளக் நல்ல பிளக் என்று அர்த்தமில்லை. இரிடியம் முனை நிறைய நாள் தேயாமல் உழைக்கும், உண்மைதான். ஆனால் அதன் ஹீட் ரேஞ்ச் எஞ்சினுக்குப் பொருந்தாவிட்டால் கொடுத்த காசு எஞ்சினைக் காப்பாற்றாது. ரெனோவையே புகைய வைத்த சூடு இது. கடையில் பிளக் வாங்கும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது ஹீட் ரேஞ்ச் எண்ணைத்தான்.