நெஞ்சுப் படபடப்பும் ஒரு லாக் ஃபைலும்

எங்க ஊர் நாட்டரசன்கோட்டையில் யாராவது "நெஞ்சு படபடங்குது"ன்னு சொன்னா ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "பித்தம், எலுமிச்சம்பழச் சாறு குடி". இன்னொண்ணு, "கண்ணாத்தா பாத்துக்குவா". ரெண்டையும் கிண்டல் பண்ண வரலை. இதைக் கண்டுபிடிக்க மருத்துவம் என்ன பாடுபட்டதுன்னு தெரிஞ்சா கிண்டல் வராது.

மென்பொருள் ஆட்களுக்கு இது சுலபமா புரியும். எப்பவாவது மட்டும் தலைகாட்டும் பக் இருக்கே, அதே கேஸ். ராத்திரி பதினோரு மணிக்குப் பத்து நிமிஷம் ஆட்டி வைக்கும். காலையில் டாக்டர் முன்னாடி உட்கார்ந்தா இதயம் படு சமர்த்தா துடிக்கும் :-) ஆக, நடக்கும்போதே அதை எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

நம்ம சித்த வைத்தியர்கள் மணிக்கட்டில் மூணு விரல் வெச்சாங்க. வாதம், பித்தம், கபம். நாடி அன்னம் போல நடக்குதா, ஆமை போலவா, தவளை போலவா என்று பிரிச்சாங்க. துடிப்பின் தாளத்துக்குப் பேர் வைக்கிற முயற்சி அது. ஆனா விரலை எடுத்ததும் பதிவு போச்சு.

1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்துடிப்பை முதலில் பதிவு செய்தார். அதைத் துல்லியமாக்கியவர் நெதர்லாந்தின் ஐந்தோவன். அவர் கருவியின் எடை சுமார் 270 கிலோ. நோயாளி கை, காலை உப்புநீர் வாளியில் விட்டு உட்காரணும். 1924-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஈசிஜி அதன் வாரிசு. ஆனாலும் அது சில விநாடிக் கதைதான். நாள் முழுக்க ஓடுற லாக் வேணுமே? அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் முதுகில் சுமக்கும் கருவி செய்தார். முதலில் செய்தது சுமார் 38 கிலோ! அதைச் சின்னதாக்கி 1961-ல் கட்டுரை வெளியிட்டார். இன்னைக்கும் 24 மணி நேரம் மாட்டி விடுற பெட்டிக்கு ஹோல்டர் என்றே பேர்.

இனி நம்ம பக்கத்துக்கு வருவோம். செட்டிநாட்டுக்கும் பர்மாவுக்கும் உள்ள உறவு தெரிஞ்சதே. 1942-ல் ஜப்பான் படை நுழைந்தபோது அங்கிருந்து கிளம்பியவர்களில் ஒருவர் 1917-ல் மாக்வேயில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்த பத்மாவதி. கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார். பிறகு வெளிநாட்டில் படித்துத் திரும்பி, 1954-ல் டில்லி லேடி ஹார்டிங்கில் இதய சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் இதய நிபுணர். 2020-ல் 103 வயதில் மறைந்தார். அவர் ரொம்ப உழைத்தது ருமாட்டிக் இதய நோயில். சின்ன வயசில் வந்த தொண்டைப் புண் பல வருஷம் கழிச்சு வால்வைச் சுருக்கும். மேலறை வீங்கும், துடிப்பு தாறுமாறாகும். அங்கே ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். எங்க அப்பத்தா பல வருஷம் பித்தம்னு சொல்லிக்கிட்டிருந்தது இதைத்தான். ஒரு பக்கம் கை விழுந்த பிறகுதான் ஈசிஜி எடுத்தாங்க.

எல்லாப் படபடப்பும் இப்படி இல்லை. காபி, தூக்கமின்மை, பதட்டம், காய்ச்சல், ரத்தசோகை, தைராய்டு என்று காரணம் நிறைய. ஒரு துடிப்பு தவறின மாதிரி இருப்பது பெரும்பாலும் ஆபத்தில்லை. வரும்போது மணிக்கட்டில் விரல் வெச்சு 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்க. ஓய்வில் 60 முதல் 100 வரை சாதாரணம். சீரா இருக்கா, திடீர்னு ஆரம்பிச்சு திடீர்னு நிக்குதா, எவ்வளவு நேரம் என்று குறிச்சு வெச்சுக்குங்க. டாக்டருக்கு அதுதான் லாக் ஃபைல்.

அடிக்கடி வந்தா, ஏற்கனவே இதய நோய் இருந்தா, ஓடும்போது வந்தா, குடும்பத்தில் யாராவது இளவயசில் திடீர்னு இறந்திருந்தா தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் கூடச் சேர்ந்தா எண்ணிக்கிட்டு உட்காராதீங்க, உடனே 108.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, கோட் அடிக்கிறவன். டாக்டர்கள் யாராவது படிச்சா பின்னூட்டத்தில் திருத்துங்கப்பா.