ஐஸ் ஹவுஸில் ஒரு கல்விச்சாலை

சென்னைக் கடற்கரையிலே, திருவல்லிக்கேணிக்கு அண்மையில், வளைந்த முகப்புடைய பழைய மாளிகையொன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்தற்பொருட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த கட்டடம் அது. ஊரார் அதனை ‘ஐஸ் ஹவுஸ்’ என வழங்கினர். 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியமை பலரும் அறிந்ததே. பின்னொரு காலத்தில் இளம் விதவைகள் அங்கே கணக்கும் ஆங்கிலமும் பயின்றனர் என்பதை அறிந்தோர் சிலர்.

அவர்களை ஒன்றுசேர்த்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886இல் மயிலாப்பூரில் அந்தணக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், சிறுமியாயிருந்தபோதே மணஞ் செய்விக்கப்பெற்றுச் சின்னாளிற் கைம்பெண்ணானார். தலையை மழித்து வீட்டு மூலையில் இருத்துவதே அந்நாளைய ஆசாரம். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் அதற்கு இணங்கவில்லை. மகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலங் கற்பித்தார். பின்னர்க் கன்னியர் மடத்துப் பாடசாலைக்கும் அனுப்பினார். உறவினரின் ஏச்சையும் தெருவாரின் இகழ்ச்சியையும் பொறுத்துப் படித்த அப்பெண், 1911இல் மாநிலக் கல்லூரியிற் பீ.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் இந்து விதவையொருவர் பட்டதாரியானது அதுவே முதன்முறை.

அடுத்த ஆண்டிலேயே சாரதா மகளிர் சங்கம் தோன்றியது. எழும்பூரில், தம் பெற்றோரின் இல்லத்தில், நான்கு இளம் விதவைகளுடன் அவர் பணி தொடங்கினார். வித்தியாதரிசியாயிருந்த மிஸ் லிஞ்ச் என்னும் ஐரிஷ் மாது அரசினரின் உதவியைப் பெற்றுத் தந்தார். அரசினர்க்கும் அதில் ஒரு தேவை இருந்தது. வளர்ந்த பெண்பிள்ளைகளை ஆண் உபாத்தியாயரிடம் அனுப்பப் பெற்றோர் உடன்படார். மணமான பெண்களோ வீட்டுப் பொறுப்பை விட்டு வெளியே வருதல் அரிது. பெண் கல்வி பரவ ஆசிரியைகள் வேண்டும். ஆசிரியையாகத் தடையற்றிருந்தவள் விதவையே! சகுனத்துக்கு ஆகாதவள் என்று ஒதுக்கிய சமூகம், தன் புதல்வியரை அவளிடமே ஒப்புவிக்க வேண்டியதாயிற்று. விடுதி வளர்ந்து, சில ஆண்டுகளில் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபுகுந்தது.

அவ்விடுதியிற் குறையும் இருந்தது. அந்தண விதவையர்க்கே அங்கு இடம். சாதியாசாரங்கள் வழுவாது பேணப்பட்டன. சுப்புலட்சுமியின் நோக்கம் குறுகியதென்று இதனாற் குறைகூறுவோர் உளர். ஆனால், ஆசாரம் குலைந்ததென்ற வதந்தி ஒன்று எழுந்திருப்பின், தந்தையரும் தமையன்மாரும் அச்சிறுமியரை அன்றே திருப்பியழைத்திருப்பர் என்பதையும் மறத்தலாகாது. விட்டுக்கொடுத்தார் என்பது உண்மை. அதன் விலையைப் பிற குலத்துப் பெண்கள் சில ஆண்டுகள் செலுத்தினர் என்பதும் உண்மை. 1922இல் லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி தொடங்கி, அவரே அதன் அதிபரானபோதுதான், எல்லாச் சாதியாருக்கும் சமயத்தாருக்கும் உரிய கதவு அவர் கையால் திறக்கப்பட்டது.

குழந்தை மணத்தை ஒழிக்கவும் அவர் குரல் கொடுத்தார். பெண்ணின் மணவயதைப் பதினான்கு என விதித்த சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. அச்சட்டம் தம் சிறுபிராயத்தில் இருந்திருப்பின் அவரது வாழ்வே வேறாயிருந்திருக்கும்.

அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பின்னரும் அவர் கற்பித்தலைக் கைவிடவில்லை. சிறுவயதிற் படிப்பை இழந்த குடும்பப் பெண்களுக்கென மயிலாப்பூரிலே ஸ்ரீ வித்யா கலா நிலையத்தை 1942இல் தொடங்கினார். தாய்மாரும் பாட்டிமாரும், வீட்டுவேலை ஓய்ந்த வேளைகளில், சிலேற்றுடன் அங்கே வந்தமர்ந்தனர்.