பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் விலைமதிப்பு

பழைய புல்லட்டின் விலைமதிப்பு என்பது, ஒருவரோ பலரோ முன்னரே வைத்து ஓட்டிய ராயல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு விற்பவர் கேட்கும் தொகை, அவ்வண்டியின் ஆவணங்களுக்கும் சேஸிஸுக்கும் யந்திர நிலைக்கும் தகுந்ததுதானா என்று வாங்குவோர் நிர்ணயித்துக்கொள்ளும் முறையாகும். ஏனைய இருசக்கர வாகனங்கள் வயது ஏற ஏற விலை இறங்குவது வழக்கமாயிருக்க, இவ்வண்டியில் மட்டும் நன்கு பராமரிக்கப்பட்ட மிகப் பழைய மாதிரிகள் தமக்குப் பிந்தி வந்த சில மாதிரிகளைவிட அதிகத் தொகைக்குக் கைமாறுவதால், ஆண்டைப் பார்த்து விலை சொல்லும் சாதாரணக் கணக்கு இங்கே பாதிக்குமேல் செல்லுபடியாவதில்லை.

பூர்வ சரித்திரம்

இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்திலிருந்த என்ஃபீல்டு கம்பெனி 1930-களின் ஆரம்பத்தில் தன் மோட்டார் சைக்கிள்களில் ஒரு வகைக்கு வைத்த பெயர் புல்லட். சுதந்திர இந்தியாவின் ராணுவம் எல்லைக் காவலுக்கென்று 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததையடுத்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற பெயரில் சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூரில் தொழிற்சாலை நிறுவிற்று. முதலில் உறுப்புக்களைக் கப்பலில் தருவித்துப் பூட்டி வந்தவர்கள், 1960-களின் தொடக்கத்துக்குள் அவற்றை இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றனர். தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டி மறைந்துபோக, திருவொற்றியூர்ப் பிள்ளை மட்டும் நிலைத்தது. ஐஷர் நிறுவனம் 1994-இல் அதைத் தன்வயமாக்கிக்கொண்டது.

இந்தச் சரித்திரம் விலைமதிப்புக்கு அவசியமானது ஏனெனில், 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட அந்த 346 சி.சி. வார்ப்பிரும்பு எஞ்சின், 1950-களிலிருந்து 2010-ஐ ஒட்டிய காலம் வரையில் அடிப்படை அமைப்பில் ஏறக்குறைய மாறாமலே உற்பத்தியாகி வந்தது. அதனால், முப்பது ஆண்டு வயதுள்ள வண்டிக்கும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலே புது உதிரிப்பாகம் கிடைக்கும், புதுப்பேட்டையிலே பழையது கிடைக்கும் என்பது வாங்குவோருக்கு அனுகூலம். பிரதிகூலமும் அதே காரணத்திலிருந்து பிறப்பதுதான்: ஒரு வண்டியின் எஞ்சின், மற்றொன்றின் கியர்ப்பெட்டி, மூன்றாவதன் டேங்க் என்று நாலைந்து வண்டிகளை ஒன்றாகக் கூட்டிவிடலாம், எழுபதுகளின் வண்டி என்று பெருமையோடு காட்டப்படுவதில், எழுபதுகளைச் சேர்ந்தவை ஆர்.சி. புத்தகமும் சேஸிஸின்மீது பொறித்த எண்ணும் மட்டுமேயாக இருக்கவும் கூடும்.

சந்தையில் மெக்கானிக்குகள் புல்லட்டை எஞ்சினை வைத்தே இனம் பிரிப்பர். வார்ப்பிரும்பு சிலிண்டரும் தனிக் கியர்ப்பெட்டியும் உள்ளது சி.ஐ.; 2000-ஐ ஒட்டி வந்த அலுமினிய சிலிண்டர் வகை ஏ.வி.எல்.; எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்து 2009-க்குப்பின் வந்தது யூ.சி.இ.; 2023 முதல் புல்லட்டில் பொருத்தப்படும் 349 சி.சி. எஞ்சின் ஜே வரிசை. ரசிகர்களின் அபிமானம் சி.ஐ.யின் சத்தத்தின்மேலும், வலக்கால் கியரின்மேலும் இருப்பதால் அதற்கு ஓர் அதிகப்படி விலை உண்டு. அந்த அதிகப்படி ரசனைக்குக் கொடுப்பதேயன்றி உபயோகத்துக்குக் கொடுப்பதன்று. தினந்தோறும் அலுவலகம் போய்வர வண்டி தேடுபவர் அதைக் கொடுக்கவேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

ஆவணங்கள்

வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினில் தொடங்கி, நேரமிருந்தால் புத்தகத்தில் முடிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதே உசிதம். புல்லட்டின் எஞ்சினில் பணம் கொடுத்துச் சீர்செய்ய முடியாத பழுது அநேகமாக இல்லை. ஆவணத்தின் பழுதோ எந்த மெக்கானிக்குக்கும் கட்டுப்படாதது.

முதலாவதாக, கைப்பிடித் தண்டு சேஸிஸோடு சேரும் தலைப்பகுதியில் பொறித்த எண்ணும், எஞ்சின் கூட்டின்மேலுள்ள எண்ணும், ஆர்.சி.யில் கண்ட எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கவேண்டும். எண்ணைச் சுற்றி அரம் தேய்த்த தடமோ, பற்றவைத்த தழும்போ, அந்த இடத்தில் மட்டும் தடித்த புதுப் பெயிண்டோ தென்படுமானால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நலம். எஞ்சின் மட்டும் மாற்றப்பட்டு அந்த மாற்றம் புத்தகத்தில் ஏறாத வண்டிகளும் ஏராளம். அவற்றை விற்பவரே முதலில் சரிசெய்து தரவேண்டும் என்று கேட்பது நியாயமே.

இரண்டாவதாகக் கவனிக்கவேண்டியது பதிவின் ஆயுள். சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். இருசக்கர வாகனத்துக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பித்தல் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு அதற்குப் பின்னர் மேலும் உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் சேரும். கெடு முடிந்து பல ஆண்டு கிடந்த வண்டியென்றால், தாமதத்துக்கான அபராதமும் வாங்குபவர் தலையில் விழும். கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்ததென்று கம்பெனி ஒப்பமிட்ட படிவம் 35 இல்லாமல் புத்தகத்திலுள்ள எச்.பி. குறிப்பை நீக்கமுடியாது.

தலைநகர் டில்லியில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை வந்ததிலிருந்து, அங்கே மலிந்த வண்டிகள் தெற்கே வருவதும் விலைமதிப்பில் ஒரு புது அம்சமாகிவிட்டது. வெளிமாநில வண்டிக்கு அம்மாநில அலுவலகத்தின் என்.ஓ.சி. வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்குமேல் இங்கே வைத்திருப்பதானால் இங்கே மறுபதிவு செய்யவேண்டும், இங்கத்திய வரியும் கட்டவேண்டும். ராணுவத்தில் கழித்து ஏலம்விட்ட வண்டிகளுக்கு ஏலச் சீட்டு மூலாதாரம். இவற்றையெல்லாம் ரூபாயாக மாற்றிக் கேட்ட விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவென்று தோன்றியது பல சமயம் உள்ளூர் வண்டியின் விலைக்கே வந்து நிற்கும்.

பழைய வண்டி விற்கும் கன்சல்டிங் கடைகளில், தேதியும் வாங்குவோர் பெயரும் இடாமல் முதல் சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் போட்ட படிவம் 29-ஐயும் 30-ஐயும் கையில் கொடுத்து, "பெயர் மாற்றம் அப்புறம் பண்ணிக்கலாம் சார்" என்று அனுப்பிவைப்பது ஒரு சம்பிரதாயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் பதினான்கு நாளுக்குள்ளும், வாங்குபவர் முப்பது நாளுக்குள்ளும் உரிமை மாற்றத்தை அறிவிக்கவேண்டும். புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்த்திருப்பதால், இந்தச் சம்பிரதாயம் விற்பவருக்குத்தான் அதிக அபாயம். விஷயம் தெரிந்த விற்பனையாளர் பெயர் மாற்றத்துக்குத் தாமே அவசரப்படுவார். அவசரப்படாதவரிடம் அந்தப் பெயர் உண்மையில் அவருடையதுதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சேஸிஸ்

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் பத்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து பார்த்தால், இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும். கைப்பிடியை இருபக்கமும் கடைசிவரை திருப்பும்போது அதைத் தடுக்கும் சிறு இரும்பு முட்டு ஒரு பக்கம் நசுங்கியிருந்தால், வண்டி முன்பக்கம் பலமாக மோதியிருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கிக் கைப்பிடியை மெல்ல அசைக்கும்போது நடுவில் ஓரிடத்தில் பிடித்து நின்றால் கோன் செட் தேய்ந்தது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது கடகடத்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் போனது. இவ்விரண்டும் சொற்பச் செலவு. சேஸிஸ் வளைந்ததும், பற்றவைத்ததும் அப்படியன்று.

பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை. திருவொற்றியூரில் டேங்கின்மேல் பொன்கோடு போடுவதைப் பல்லாண்டு கைதேர்ந்த ஓவியர்கள் தூரிகையாலேயே செய்துவந்தனர். அந்தக் கோட்டில் இம்மியளவு தடித்தும் மெலிந்தும் போகும் உயிர் இருக்கும். பழைய வண்டியில் அதற்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் டேங்க் மறுபடி பெயிண்ட் ஆனது என்று அறியலாம். அது குற்றமாகாது, ஆனால் மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே துருவைப் பார்ப்பதற்கு அது தகுந்த காரணமாகும்.

எஞ்சின்

பார்க்க வருவதாகச் சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பாகவே போய், முதலில் சிலிண்டரின்மேல் கையை வைத்துப் பார்ப்பது நல்லது. சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினின் குணத்தை நமக்குக் காட்ட விற்பவருக்கு விருப்பமில்லை என்றாகிறது. ஆறும்வரை புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சி.ஐ. புல்லட்டை உதைப்பதற்கு ஒரு கிரமம் உண்டு: சாவியைத் திருப்பி, ஆம்பியர் மானியின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்துச் சிறிது தாண்டவிட்டு, பிறகு முழு உதை. கம்ப்ரஷன் நன்றாக உள்ள எஞ்சின் அந்த மெல்லிய அழுத்தத்திலேயே காலை எதிர்த்து நிற்கும். டீகம்ப்ரஸர் இல்லாமலே கிக்கர் வழவழவென்று இறங்கினால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ போயிற்று. கிரமமாக உதைத்தும் கிக்கர் திருப்பி அடிக்குமானால் டைமிங் முந்தியிருக்கிறது.

புகையைப் பற்றிய சாதாரண சாஸ்திரம் இங்கே ஒரு திருத்தத்தோடுதான் பொருந்தும். இந்த எஞ்சினில் எண்ணெய் தங்கும் அறை கிராங்க் கூட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருப்பதால், வாரக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் எண்ணெய் மெல்ல இறங்கி கிராங்க் பக்கம் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியை முதலில் கிளப்பும்போது நீலப் புகை கப்பென்று எழுவது இயல்பு. இரண்டொரு நிமிஷத்தில் அது அடங்கிவிட்டால் கவலையில்லை. ஓட்டத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்குந்தோறும் நீலம் தொடர்ந்தால் சிலிண்டரின் போர் தேய்ந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி முறுக்கும்போது மட்டும் எழுந்தால் வால்வ் கைடு. கறுப்புப் புகை கார்புரேட்டரைச் சேர்ந்த அற்ப விஷயம்.

சத்தங்களிலும் இத்தகைய பேதம் உண்டு. மேலே ஒரே சீராகக் கேட்கும் டிக்டிக் டாப்பெட். சரிசெய்ய அரைமணி போதும். குளிரில் கேட்டுச் சூட்டில் மறைவது பிஸ்டன் ஆட்டம். அது இன்னும் சில ஆயிரம் மைல் பொறுக்கும். மேட்டில் ஏறும்போது கீழேயிருந்து வரும் கனத்த தட்டலே கிராங்கைச் சேர்ந்தது; அதைக் கேட்டவர் எஞ்சினை முழுவதும் பிரிக்கும் செலவை விலையில் கழித்தே பேசவேண்டும். டாப்பெட் சத்தம் யூ.சி.இ.யில் கேட்கக்கூடாது, ஏனெனில் அதில் ஹைட்ராலிக் அமைப்பு தானே இடைவெளியைச் சரிசெய்துகொள்கிறது. அந்த வகையில் செல்ஃப் போடும்போது கரகரவென்று அரைத்தால் ஸ்ப்ராக் கிளட்சைச் சந்தேகிக்கலாம்.

கசியாத புல்லட்டில் எண்ணெய் இல்லையென்று அர்த்தம் என்பது பட்டறைகளில் பழகிப்போன பரிகாசம். அதை ஆதாரமாகக் காட்டி எல்லாக் கசிவையும் மன்னிக்கச் சொல்வார்கள். ஒரே நட்டில் தொங்கும் பிரைமரி செயின் மூடியின் கீழே ஈரம் தட்டியிருந்தால் மன்னிக்கலாம். ஹெட் சேருமிடத்திலும் கிராங்க் கூட்டின் இணைப்பிலும் கசிந்தால் மன்னிப்பதற்கில்லை.

விற்பவர் அடிக்கடி சொல்லும் சிபாரிசு, "எஞ்சினில் இன்னும் கை வைக்கலை" என்பது. இருபத்தைந்து ஆண்டு ஓடிய சி.ஐ.யைப் பொறுத்தவரை இதைவிடக் குறைவான சிபாரிசு வேறில்லை. கை வைக்கவேண்டிய முறை அடுத்து வருபவருடையது என்றுதான் அதற்குப் பொருள். நல்ல பட்டறையில் ரீபோர் செய்து 0.020 அங்குல ஓவர்சைஸ் பிஸ்டன் போட்ட பில் கையிலிருந்தால் அது கூடுதல் விலைக்கு உரியது. 0.040 அங்குலம் ஆகிவிட்டதென்றால், அடுத்த முறை புது சிலிண்டரையே எண்ணிப் பார்க்கவேண்டும். கிலோமீட்டர் மீட்டரை நம்புவதற்கில்லை. கேபிள் அறுந்து ஆண்டுக்கணக்கில் முள் அசையாத வண்டிகள் ஏராளம். கிக்கர் ரப்பரும் பிரேக் மிதியும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது அதைவிட உண்மையான சாட்சி. டயரின் பக்கத்தில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். ஆழமான பள்ளங்களோடு பளபளக்கும் டயர் பத்து வயதினதாகவும் இருக்கலாம்.

விலைக் கணக்கு

ஐந்து வயதுக்குட்பட்ட வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பின்பற்றும் தேய்மான அட்டவணை ஒரு தொடக்கப் புள்ளியைத் தருகிறது: அதே மாதிரியின் இன்றைய விலைப்பட்டியல் தொகையிலிருந்து ஆறு மாதத்துக்குமேல் ஓராண்டுக்குள் 15 சதவீதம், இரண்டாண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50. அதற்குமேல் வயதானவற்றுக்குக் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி ஒத்துக்கொள்வதே மதிப்பு.

பழைய சி.ஐ.க்கு வேறு வழி வேண்டியிருக்கிறது. அதே வட்டாரத்தில், அதே மாதிரி, நல்ல நிலையில் உண்மையாகக் கைமாறிய விலையை மெக்கானிக்குகளிடம் விசாரித்து எடுத்துக்கொண்டு, இந்த வண்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழிக்கவேண்டும். நல்ல வண்டி 1,10,000 ரூபாய்க்குப் போகிறதென்றும், நம் முன் நிற்பதற்கு 95,000 கேட்கிறார்களென்றும் வைத்துக்கொண்டால், டயர், செயின் செட், கிளட்ச் பிளேட் வகைக்கு 14,000, பதிவுப் புதுப்பித்தல், இன்ஷூரன்ஸ் முதலியவற்றுக்கு 6,000, ரீபோருக்கு 15,000 என்று மெக்கானிக் மதிப்பிட்டால் அதன் மதிப்பு 75,000. கேட்ட விலை பதினைந்து ஆயிரம் குறைவாகத் தோன்றினாலும், உண்மையில் இருபது ஆயிரம் அதிகம். விற்பவர் குரோம் பூச்சுக்கும் பெயிண்டுக்கும் அறுபதாயிரம் கொட்டினேன் என்பார். அது அவருடைய ஆசைக்கு அவர் கொடுத்த விலை, அதை வாங்குபவரிடம் வசூலிக்க முகாந்தரம் கிடையாது.

பேரம் பேசுபவர்கள் பெரும்பாலும் உடைந்த இண்டிகேட்டரையும் கிழிந்த சீட்டையும் சுட்டிக் காட்டியே விலையைக் குறைக்க முயல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் குறைகளுக்கு விற்பவர் ஏற்கெனவே விலையில் இடம் வைத்திருப்பார். எழுதிய மதிப்பீட்டை முன்னால் வைத்து, "அண்ணே, இந்தச் செலவு நான்தானே பண்ணணும்" என்று கிராங்கையும் போரையும் பற்றிப் பேசுபவருக்கே பெரிய தொகை இறங்கும். ஒத்துக்கொண்ட தொகையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடிந்து புது ஆர்.சி. வந்தபின் தருவதாக எழுதிக்கொள்வதும் வழக்கத்தில் உண்டு. இன்ஷூரன்ஸில் விற்பவர் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் அவரையே சேர்ந்தது, வண்டியோடு வாராது. ஆகவே பாலிசியைப் பெயர் மாற்றும்போது கூடுதல் பிரீமியம் கட்டவேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.