புது கியர்பாக்ஸ் மாத்தியும் சூடாகுதா? ஆட்டோமேட்டிக் கார்ல முதலில் எதை செக் பண்ணணும்?

பெரிய தொகை செலவு செய்து ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாத்தியாச்சு. ஆனா சில கிலோமீட்டர் ஓடியதுமே டேஷ்போர்டில் சூட்டு எச்சரிக்கை. உடனே 'புது கியர்பாக்ஸே சரியில்லை' என்று முடிவு கட்ட வேண்டாம். பல நேரங்களில் கோளாறு அதற்கு வெளியேதான் இருக்கும்.

எவ்வளவு சூடு இயல்பு?

டார்க் கன்வெர்ட்டர் வகை கியர்பாக்ஸில் ஆயில் பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருக்கும். 120 டிகிரியைத் தாண்டி நீடித்தால் ஆயில் வேகமாகக் கெடும். சீல்கள் இறுகும், கிளட்ச் தேயும். அதனால் எச்சரிக்கை வந்தால் தொடர்ந்து ஓட்டாதீங்க.

சூடு நிஜம்தானா?

ஸ்கேனர் போட்டுப் பாருங்க. பி0218 என்றால் ஆயில் அதிகம் சூடாகிறது. பி0711 என்றால் வெப்பநிலை சென்சார் அல்லது அதன் வயரிங் மீது சந்தேகம்.

ஆயில் சரியா?

அளவு குறைந்தாலும் சூடாகும். கூடினாலும் நுரைத்துச் சூடாகும். பல மாடல்களில் இன்ஜின் ஓடும்போது, குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் அளவு பார்க்கணும். கையேட்டில் சொன்ன ரக ஆயில்தானா என்பதும் முக்கியம். ஆயில் பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம்.

பழைய கூலர்தான் வில்லனா?

பழைய கியர்பாக்ஸ் கெட்டபோது உதிர்ந்த உலோகத் துகளும் கிளட்ச் தூளும் கூலரில் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் புதுசைப் பொருத்தினால் ஆயில் ஓட்டம் தடைபடும். கூலருக்குப் போகும் குழாய் கொதித்து, திரும்பும் குழாய் கிட்டத்தட்ட குளிர்ந்தே இருந்தால் அடைப்பு என சந்தேகிக்கலாம். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் ரேடியேட்டர், ஃபேனைப் பாருங்க. பொருத்தும்போது குழாய் மடங்கியதா என்பதையும் கவனிக்கணும்.

லாக்-அப் வேலை செய்யுதா?

ஹைவேயில் சீரான வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொட்டால், ஆர்பிஎம் கொஞ்சம் ஏறி இறங்கணும். மாற்றமே இல்லை என்றால் லாக்-அப் பிடிக்காமல் இருக்கலாம். பி0741 கோடும் அதையே காட்டும். கன்வெர்ட்டர் வழுக்கினால் சூடு ஏறிக்கொண்டே போகும். பின்னால் வண்டி வராத இடத்தில் மட்டுமே இதைச் செய்யுங்க.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

கூலரை மாத்தினீங்களா, ஃப்ளஷ் செய்தீங்களா? எந்த ஆயில், எத்தனை லிட்டர்? கம்ப்யூட்டரில் ரீ-லேர்ன் செய்தாச்சா? பதில்களை பில்லிலேயே எழுதி வாங்குங்க. நாளைக்கு வாரன்டி கேட்கும்போது அதுதான் கைகொடுக்கும்.