இடஞ்சுட்டலும் உண்மையும்: அறிவியல் இதழ்களில் சான்றுக் குறிப்பு வளர்ந்த வரலாறு

திருமறைப் பகுதியொன்றைக் குறிப்பிட விரும்புவோர் நூலின் பெயர், அதிகாரம், வசனம் ஆகிய மூன்றையும் எழுதினால் போதும். பதிப்பு எதுவாயினும், மொழி எதுவாயினும், வாசகர் அவ்விடத்தை உடனே கண்டுகொள்வர். இவ்வசதி தொடக்கமுதல் இருந்ததன்று. இன்று வழங்கும் புதிய ஏற்பாட்டு வசன எண்கள், ராபர்ட் எஸ்தியேன் என்னும் அச்சுப் பதிப்பாளர் 1551ஆம் ஆண்டு ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் இடம் பெற்றவை. அவ்வெண்கள் வந்தபின், ஒருவர் எடுத்துக்காட்டும் பகுதி மெய்யாகவே அங்கு உள்ளதா என்று மற்றொருவர் சரிபார்த்தல் எளிதாயிற்று.

அறிவியல் ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோர் அதன் இறுதியில் சேர்க்கும் சான்றுக் குறிப்புகளும் இதே பணிக்காகவே தோன்றியவை. ஆயினும் பலர் அவற்றைக் காற்புள்ளி, அரைப்புள்ளி பற்றிய தொல்லையாகவே கருதுகின்றனர். அவ்வடிவங்கள் எவ்வாறு பிறந்தன, எதனைக் காக்கின்றன, எதனைக் காக்க இயலாதவை என்பதை இங்கு ஆராய்வோம்.

1. நத்தை ஆய்வில் பிறந்த முறை

1665ஆம் ஆண்டு ஹென்றி ஓல்டன்பர்க் இலண்டனில் தொடங்கிய இதழ், அறிவியல் இதழ்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்றாகும். அதன்பின் நெடுங்காலம் பிறருடைய ஆய்வைக் குறிப்பிடுவதில் பொது ஒழுங்கு ஏதும் இருந்திலது. சிலர் பெயரை மட்டும் கூறினர். சிலர் அடிக்குறிப்பில் நூலைச் சுருக்கமாகச் சுட்டினர். ஆய்வுகள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்முறை இடர்ப்பாடாயிற்று.

1881ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலறிஞர் எட்வர்டு லாரன்ஸ் மார்க், ஓடில்லா நத்தையின் முட்டை வளர்ச்சியைப் பற்றி விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார். அதில் ஆசிரியர் பெயரை அடுத்து, ஆண்டைக் குறிக்கும் எண்ணை அவர் அமைத்தார். அவ்வெண் இரு பயன் தரும் என்று அடிக்குறிப்பிலேயே விளக்கினார்: கட்டுரையின் இறுதியிலுள்ள பட்டியலுக்கு அது வாசகரை அழைத்துச் செல்லும், அந்த ஆய்வு எக்காலத்தது என்பதையும் உடனே தெரிவிக்கும். பிற்காலத்தில் 'ஹார்வர்டு முறை' எனப் பெயர் பெற்ற ஆசிரியர்–ஆண்டு முறைக்கு இதுவே முன்னோடியாகக் கருதப்படுகிறது. வாசகரின் தேவையை முன்னிட்டே இவ்வடிவம் பிறந்தது என்பது கருதத்தக்கது.

2. வான்கூவர் கூட்டம்

இருபதாம் நூற்றாண்டில் வேறொரு சிக்கல் எழுந்தது. ஒவ்வோர் இதழும் தனக்கென ஒரு நடையை வகுத்துக்கொண்டது. ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை மற்றோர் இதழுக்கு அனுப்ப வேண்டுமாயின், சான்றுப் பட்டியல் முழுவதையும் மீண்டும் தட்டச்சு செய்தாக வேண்டும். இச்சுமையைக் குறைக்கும் நோக்கில், பொது மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர் சிலர் 1978ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் கூடினர். அவர்கள் வகுத்த பொது விதிகள் 1979இல் வெளிவந்தன. சான்றுக் குறிப்பின் வடிவத்தை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் உருவாக்கிக் கொடுத்தது.

இம்முறையில் சான்றுகள் கட்டுரையில் வரும் வரிசைப்படியே எண் பெறும். பட்டியலில் ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவை முறையே அமையும். குடும்பப் பெயர் முதலில் வர வேண்டும் என்பது விதி. தந்தை பெயரின் முதலெழுத்தையே முன்னெழுத்தாகக் கொள்ளும் நம்மவர் இங்குத் தயங்குவதுண்டு. ஒரு கட்டுரையில் தந்தை பெயரையும் மற்றொன்றில் தம் பெயரையும் முதலில் கொடுத்தால், ஒருவரே பட்டியல்களில் இருவராகத் தோன்றுவர். ஆகவே எதைக் கொடுத்தாலும் ஒரே சீராகக் கொடுத்தல் வேண்டும்.

3. ஐந்து வாக்கியங்களின் கதை

சான்றுக் குறிப்புகளைக் கொண்டே ஆய்வுகளைத் தொடர்ந்து செல்லலாம் என்னும் கருத்தை யூஜின் கார்ஃபீல்டு 1955இல் வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்னர் யார் யார் எடுத்தாண்டனர், யார் மறுத்தனர் என்பது தெரிந்தால், பிழையானதும் காலங்கடந்ததுமான செய்திகளை ஆராயாமல் எடுத்தாளும் வழக்கம் ஒழியும் என்று அவர் எதிர்பார்த்தார். 1960களில் அவர் தொகுத்த குறிப்பகராதி அறிஞர்க்குப் பெரிதும் உதவியது. ஆனால் அவர் எதிர்பார்த்தது முழுவதும் நிறைவேறிற்றா?

1980ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள், நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் போர்ட்டர், ஜிக் என்னும் இருவர் எழுதிய கடிதம் வெளிவந்தது. அது ஐந்தே வாக்கியங்கள் கொண்டது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களுள், அபினிவகை வலிநீக்கி மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு அப்பழக்கம் இல்லாத நால்வர் மட்டுமே மருந்துக்கு அடிமையானதாக அறியப்பட்டது என்பதே அதன் சாரம். வீட்டிலிருந்து நெடுநாள் மருந்து உட்கொள்வோரைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை.

2017இல் அதே இதழில் வெளியான ஆய்வொன்று, இக்கடிதம் 608 முறை எடுத்தாளப்பட்டதாகக் கணக்கிட்டது. அவற்றுள் 439 கட்டுரைகள், இம்மருந்துக்கு அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டின. 491 கட்டுரைகள், ஆராயப்பட்டோர் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைச் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவில் இவ்வகை மருந்துகள் தாராளமாக வழங்கப்பட்டுப் பல்லாயிரம் குடும்பங்களைச் சீரழித்தன. அதற்கு இக்கடிதமே முழுக் காரணம் என்று கூற இயலாது. ஆயினும் அச்சத்தைத் தணித்த குரல்களுள் இதுவும் ஒன்று என அவ்வாய்வாளர் முடிவுகட்டினர். இதழும் அக்கடிதத்துடன் எச்சரிக்கைக் குறிப்பொன்றைச் சேர்த்தது.

வான்கூவர் விதிப்படி இச்சான்றை எழுதினால், அது கடிதம் என்பதைக் குறிக்கும் சொல் தலைப்பை அடுத்து வரும். இறுதியில் 1980;302(2):123 என்றிருக்கும். பக்கத் தொடர் இல்லை, ஒரே பக்கம். விழிப்புள்ள வாசகருக்கு இவ்விரண்டுமே எச்சரிக்கையாகும். இத்தனை பெரிய முடிவை ஒரு பக்கக் கடிதமா தாங்குகிறது என்று அவர் ஐயுற்று மூலத்தைத் தேடியிருப்பார். தொல்லை எனக் கருதப்படும் சிறு விவரங்கள் செய்யும் பணி இதுவே.

முடிவுரை

இன்று கணிப்பொறி நிரல்கள் ஒரு நொடியில் பட்டியல் முழுவதையும் ஒரு நடையிலிருந்து மற்றொரு நடைக்கு மாற்றுகின்றன. இல்லாத கட்டுரைக்கும் பிழையற்ற வடிவில் குறிப்பு எழுதித் தரும் கருவிகளும் வந்துவிட்டன. எனவே வடிவம் செம்மையாக இருப்பதே உண்மைக்குச் சான்றாகாது. வடிவம் வழிகாட்டும் பலகை போன்றது. ஊருக்குச் சென்றுவந்தவரே அதனை நாட்டும் தகுதியுடையவர். தாம் படிக்காத மூலத்தைப் பட்டியலில் சேர்ப்பவர், தாம் காணாத ஊருக்குப் பிறரை அனுப்புகிறார்.

கையெழுத்துப்படியை அனுப்புமுன், ஒவ்வொரு சான்றையும் மூலத்துடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தல் ஆய்வாளரின் கடமை. எழுத்துப் பிழை உளதா என்பதோடு, நாம் சொல்வதை அம்மூலம் மெய்யாகவே சொல்கிறதா என்பதையும் அப்போது காண்போம். நம் கூற்றை ஐயுற்றுச் சரிபார்க்கும் உரிமை வாசகருக்கு உண்டு. அவ்வுரிமையை மதித்துக் கதவைத் திறந்து வைப்பதே சான்றுக் குறிப்பின் பொருளாகும்.